பஞ்சாலை வெட்டிய மரங்கள்

"திருடி! வசமா மாட்டினியா?"

புதருக்குள்ளேயிருந்து தர்மராஜ் சார் போட்ட சத்தத்துல, பஞ்சாலை அக்கா அப்படியே மரத்தோட ஒட்டி நின்னுட்டாங்க.

கோலா பிலா பக்கம், எஸ்டேட் ஓரமா சாருக்கு மூணு ஏக்கர் பால்மரம். ரப்பருக்கு விலை இல்லைன்னு ரெண்டு வருஷமா பட்டையைச் சீவிப் பால் வெட்டாம போட்டு வெச்சிருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் யாரோ வெட்டிட்டுப் போறது பட்டையில தெரிஞ்சதும், காலங்காத்தாலயே வந்து காத்திருந்தார்.

"சார், நான் ஒரு மங்கு பால்கூட..."

"பேசாதே! உன் மகனைக் கூப்பிடுறேன் இரு."

அக்கா காலமெல்லாம் பால் வெட்டின எஸ்டேட்டை முதலாளி வித்தப்புறம், செனாவாங்ல மகன் குணாளன் வீட்டோட இருந்தாங்க. அவன் ஃபேக்டரி ஷிப்ட் முடிச்ச கையோட மோட்டார் சைக்கிள்ல வந்தான்.

"வீட்டுல சோறு போடலையாம்மா? பஸ் ஏறி வந்து அடுத்தவங்க மரத்துலயா? மானம் போச்சு!"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுப்பா."

"இனிமே வாசல் தாண்டிப் பாரு!"

அந்த வெள்ளிக்கிழமை எஸ்டேட் கோயில்ல சார் பேசினார். வாராவாரம் அவர்தான் தத்துவம் பேசுவார். கூட்டமும் நல்லா வரும்.

"சந்தோஷத்தை எங்கெங்கயோ தேடுறோம். செய்யிற வேலையிலயே அது இருக்கு. என்ன கிடைக்கும்னு பாக்காம செய்யணும். சில பேர் அடுத்தவன் மரத்துல கை வைக்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் தூக்கம் வருமா லா?"

கூட்டம் சிரிச்சுது. கடைசி வரிசையில இருந்த குணாளன் எழுந்து போயிட்டான்.

பத்து நாள் கழிச்சு, தோட்டத்து மூலையில இருந்த பழைய கொட்டகையிலிருந்து ஒரே நாத்தம். ஏதோ செத்துக் கிடக்குன்னு நினைச்சுத்தான் சார் கதவைத் தள்ளினார்.

கட்டிப்பால். மங்குலயே உறைஞ்சு கட்டியான ரப்பர் பால், நாலு மாசத்தது, சுவர் ஓரமா வரிசையா அடுக்கியிருந்துச்சு. ஒண்ணுகூட வெளியே விலைக்குப் போகல.

அன்னிக்கே செனாவாங் ஓடினார். அக்கா டிவி முன்னாடி உக்காந்திருந்தாங்க. டிவி போடல.

"தப்புப் பண்ணிட்டேங்க. நாளைக்கே வாங்க. நீங்களே வெட்டுங்க, பாலையும் நீங்களே எடுத்துக்குங்க."

"பாலுக்கா சார் வந்தேன்?" அக்கா கேட்டாங்க. "வேணாம் சார். புள்ள தலைகுனிஞ்சுட்டான். ஆனா, மரத்தைச் சும்மா விட்றாதீங்க. நீங்களே வெட்டிப் பாருங்களேன். அந்த நேரத்துல மனசுல ஒரு குறையும் இருக்காது."

மறுநாள் விடிஞ்சதும் சார் பால் வெட்டுற கத்தியோட போய் மரத்தடியில நின்னார்.

வேலை செய்யிற சந்தோஷத்தைப் பத்தி இருபது வருஷமா பேசின மனுஷனுக்கு, பட்டையில எந்த இடத்துல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.