ஹப்ஸா டீச்சரின் இடுப்பளவு

"இடுப்பு நாப்பத்திரெண்டு!"

றபீக்கா போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த காகம் எழுந்து பறந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு பாயில் காத்திருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்து ஹப்ஸா டீச்சரின் இடுப்பைப் பார்த்தார்கள்.

"மெல்லச் சொல்லன் புள்ள." டீச்சர் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். "நோன்புக்கு முந்தி நீ அளக்கக்குள்ள முப்பத்தெட்டுத்தானே? ஒரு மாசம் நோன்பு பிடிச்சன். நோன்புப் பெருநாள் கழிச்சு ஆறு நோன்பும் பிடிச்சன். பிறகு எப்பிடிக் கூடும்?"

"பிடிச்சது சரி டீச்சர், துறக்கக்குள்ள என்னத்தத் திண்டீங்க?" என்றார் சல்மா உம்மா. பாயில் சிரிப்பு எழுந்தது. சல்மா உம்மாவின் காதில் விழுந்த எதுவும் அஸர் தொழுகைக்கு முன் பக்கத்து ஊர் மாவடிப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"நீ தைச்ச சட்ட இப்பயும் எனக்கு அளவாத்தானே கிடக்கு?"

"துணி இளகிக் குடுக்கும் டீச்சர். நாடா இளகாது."

இனிக்க இனிக்கத்தான் சொன்னாள் றபீக்கா. மரியாதையிலும் குறை வைக்கவில்லை. சல்மா உம்மாவைக் கழுத்தில் கிடந்த பழைய அளவு நாடாவால் அளந்தவள், டீச்சருக்கென்று தையல் மெஷின் லாச்சியைத் திறந்து புது நாடா எடுத்திருந்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன் இதே டீச்சர்தான் பள்ளிக்கூட மண்டபத்தில் அவளை நிறுத்தி அளந்தார். விளையாட்டுப் போட்டிக்கு ட்றில் உடுப்புத் தைப்பதற்காகப் பெண்பிள்ளைகளை வரிசையில் விட்டு, எழுதுகிறவளுக்குக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியின் அளவையும் உரத்துச் சொல்வது அவர் வழக்கம். "முப்பத்தாறு! இது புள்ளயா, நெல்லு மூடயா? இதுக்குத் துணி காணாது, சாக்குத்தான் எடுக்கணும்!"

யன்னலில் தொங்கிய பொடியன்கள் வரை சிரித்தார்கள். அன்று பின்னேரமே தெருவில் அவள் பெயர் 'நெல்லு மூட' என்றாகிவிட்டது. அடுத்த நாள் றபீக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

இப்போது அதே வகுப்பில் தங்கச்சி நபீலா. அதே உடம்பு, அதே டீச்சர். திங்கட்கிழமை ட்றில் உடுப்புக்கு அளவு. நாலைந்து நாளாக நபீலா சோற்றைப் பிசைந்துவிட்டுக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்று விடிய, "நான் இனிப் பள்ளிக்குப் போகல்ல" என்று புத்தகப் பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

மெஷினடியில் குந்தியிருந்து, ராத்தா சொல்லும் அளவைத் துணி ஓரத்தில் சோக்கால் எழுதிக்கொண்டிருந்தவளும் அவள்தான். டீச்சரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அடுத்தது நெஞ்சளவு. கைய உசத்துங்க டீச்சர்."

டீச்சர் கையை உயர்த்தவில்லை. றபீக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் போடாத புள்ள, ஒனக்கு நன்மை கிடைக்கும். நான் ஊருக்குள்ள முகம் காட்டத் தேவல்லயா?"

"சத்தமாச் சொன்னாத்தான் எழுதுறவளுக்குக் கேக்கும். அண்டைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சரின் பிடி தளர்ந்தது. "அதயெல்லாம் இன்னமும் நினைச்சிக்கிட்டா இரிக்காய்?"

"நினைக்கல்ல டீச்சர். மறக்கத்தான் ஏலாமக் கிடக்கு."

பாயில் சிரிப்பு நின்றிருந்தது. டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப நான் என்ன செய்யணும்?"

"திங்கக்கிழம ஒரு புள்ளயும் வரிசையில நிக்கப்படாது. எல்லாரையும் இங்க அனுப்புங்க. திரைக்குப் பின்னால ஒவ்வொராளா நான் அளக்கன். ஒருத்திர அளவு மற்றவளுக்குக் கேளாது. மூட, சாக்கு எண்ட கதையும் இனி ஒங்கட வாயில வரப்படாது."

"சரி."

"சல்மா உம்மாக்குக் கேக்கல்ல டீச்சர்."

"சரியெண்டு சொல்லிட்டனே!" என்று டீச்சர் கத்தினார். சல்மா உம்மா தலையை ஆட்டிக்கொண்டார். இனி அந்தச் சொல்லைத் திருப்பி வாங்க முடியாது.

றபீக்கா நாடாவை நெஞ்சைச் சுற்றிப் பிடித்தாள். வாக்குத் தவறாமல், டீச்சரின் காதுக்குள் மட்டும் அளவைச் சொன்னாள்.

"யா அல்லாஹ்!" டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். போகும்போது சல்மா உம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். தன் செருப்பைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு சல்மா உம்மாவும் பின்னால் ஓடினார்.

மற்றப் பெண்களும் அளவு கொடுத்துப் போன பிறகு, மூடி வைத்திருந்த சோற்றுக் கோப்பையை நபீலா தானாகவே எடுத்தாள். மீன் ஆணத்தை ஊற்றிக் குழைத்து, பெரிய கவளமாக வாயில் வைத்தாள்.

"பாவம் ராத்தா அவ. இனி ராவைக்கும் தின்ன மாட்டா."

"பட்டினி கிடக்கட்டும். நான் எத்தின வருஷம் கண்ணாடிப் பக்கம் போகாமக் கிடந்தன்."

சாப்பிட்டுக் கை கழுவி வந்த நபீலா, லாச்சிக்குள் வைப்பதற்காகப் புது நாடாவைச் சுருட்டினாள். நுனிக்கு வந்ததும் கை நின்றது. பித்தளைத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் கத்தரி வெட்டு இருந்தது. அந்த நாடாவில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எதுவும் இல்லை. முதல் இலக்கமே ஐந்து.

"ராத்தா! அப்ப டீச்சர் கொழுக்கல்லயா?"

"இல்லடி. நாடாதான் மெலிஞ்சிட்டு."