காளிகாட் வீட்டுக்கு லண்டன் மரியாதை

"என் வீடு இல்லேன்னா உனக்கு லண்டன் ஏதுடா, வாஞ்சி?"

"சத்தியமான வார்த்தை, மாமா" என்றான் வாஞ்சிநாதன். அது முகஸ்துதி இல்லை.

கல்கத்தாவில் பி.இ. முடித்தவனுக்கு, லண்டனில் கட்டட வடிவமைப்பு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தான் வசிக்கும் ஊரில் ஏதாவது ஒரு வீட்டை அளந்து, படம் வரைந்து, அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அவன் அளந்தது காளிகாட்டில் மஹாதேவன் கட்டிய வீட்டை.

மஹாதேவன் கிளைவ் தெருக் கம்பெனி ஒன்றில் ஹெட் கிளார்க். வீட்டுக்குப் பிளான் போட்டவரும் அவரே. இஞ்சினீயர்களை அவர் நம்புவதில்லை. ஆபீஸ் போகிற வழியில் வைஸ்ராய் மாளிகையைப் பார்த்து வைத்துக்கொண்டு, தம் வாசலிலும் எட்டுத் தூண்கள் எழுப்பியிருந்தார். விருந்தாளிகள் ஒருக்களித்து உள்ளே வருவார்கள்.

"தெருவோட போற பெங்காலி பாபு எல்லாம் நின்னு பார்த்துட்டுன்னா போறான்!"

"நானே பார்த்திருக்கேன், மாமா."

"சரி, என்னமோ கையெழுத்துன்னியே?"

வாஞ்சிநாதன் ஒரு காகிதத்தை நீட்டினான். கட்டுரையைப் படித்துவிட்டு லண்டனிலிருந்து அனுப்பிய படிவம் அது. இடம் உறுதியாக இது ஒன்றுதான் பாக்கி. வீட்டுக்காரரின் சம்மதம் இந்த வாரக் கப்பல் தபாலில் போகாவிட்டால், இடம் அடுத்தவனுக்கு.

மஹாதேவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஆங்கிலத்தைக் கச்சேரி போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். வீட்டின் படங்களையும் கட்டுரையையும் கலாசாலையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் நாள் காட்ட வேண்டுமாம்.

"ஜகதா! கேட்டியோ? வருஷா வருஷம்! அதுவும் முதல் நாள்!"

"கேட்டேன், கேட்டேன்" என்றாள் அவர் மனைவி ஜகதாம்பாள், சமையலறையிலிருந்து.

வாஞ்சிநாதனுக்கு மனசு பொறுக்கவில்லை. "மாமா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கட்டுரையில நான் கொஞ்சம் கடுமையா..."

"கடுமையா உழைச்சிருக்கே. எனக்குத் தெரியாதா? மூணு வாரம் நாடாவும் கையுமா மாடிக்கும் கூடத்துக்குமா அலைஞ்சியே!"

"அதில்லை மாமா. உங்க பேராவது அதில வேண்டாமேன்னு..."

"பேர் இல்லாமலா? நன்னாயிருக்கே! நாளைக்கு எவனோ ஒரு வெள்ளைக்கார மேஸ்திரி, நான்தான் கட்டினேன்னு கிளம்பிடுவான்."

சொல்லிவிட்டு, 'பிளான் முழுவதும் என்னுடையதே' என்று தாமாகவே ஒரு வரி சேர்த்து, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வாஞ்சிநாதன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. "இந்த உபகாரத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன், மாமா."

"இருக்கட்டும், இருக்கட்டும். அங்கே புரொபஸர்களுக்கு ஏதாவது சந்தேகம்னா, கூச்சப்படாம எனக்கு எழுதச் சொல்லு."

பின்கட்டு வழியாகக் கிளம்பியவனை ஜகதாம்பாள் நிறுத்தி, ஒரு பொட்டலம் தேன்குழலைக் கையில் வைத்தாள்.

"ஏண்டாப்பா, கட்டுரைக்கு என்ன தலைப்பு வெச்சே? எனக்குத் தமிழ்ல சொல்லேன்."

வாஞ்சிநாதன் கூடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"'ஒரே வீட்டில் முப்பத்தேழு தப்புகள்', மாமி. நீங்க சொன்னதில ஒண்ணைக்கூட விடலை."

"தீர்க்காயுசா இரு" என்றாள் ஜகதாம்பாள். "ஆறு வருஷமா இங்கே கரடியாக் கத்தறேன். லண்டன்லேயாவது காதுல வாங்கிண்டாளே!"