போடியிலிருந்து திரும்பிய பீரோ

கல்யாணத்துக்கு முன்பே சீராகப் போன பீரோவைச் சம்பந்தியம்மாள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். பெண்ணைப் பெற்ற ஜெயமங்கலத்து அய்யாத்துரை அதை வண்டியிலேற்றி, வாங்கிய இடமான அல்லிநகரத்துப் பழைய சாமான் கடைக்கே கொண்டுவந்தார்.

"என்ன குறையாம்?" என்றார் கடைக்காரர் பலவேசம்.

"எவளோ பொழங்குன பீரோவாம். பழசுன்னு எப்படித்தான் கண்டுபிடிச்சாகளோ, கதவைத் தொறந்ததுமே அந்தம்மா மூக்கைப் பொத்திக்கிட்டாக. 'இந்த அசிங்கம் என் வாசப்படி ஏறக்கூடாது'ன்னு ஒரே கத்தல். தெருவே வேடிக்கை பாத்துச்சு."

"புதுசாப் பெயின்ட் அடிச்சுத்தான குடுத்தேன்! யாரு வீடு?"

"போடியில ஏலக்காய்க் கடை வைகுண்டராஜ் வீடு. அவருதான் மாப்பிள்ளை."

"அட, அந்த வீட்டுலதான்யா இதை நான் வாங்குனேன்! மூத்த மருமக கொண்டுவந்த சீரு. பிள்ளை இல்லைன்னு அவளை அடிச்சு வெரட்டிட்டு, மறுநாளே இதை வித்தாக."

"மூத்த மருமகளா? மாப்பிள்ளைக்கு இதுதான் மொதக் கல்யாணம்னாக!"

பலவேசம் இல்லையென்று தலையசைத்தார்.

அய்யாத்துரை தெருவில் காறித் துப்பினார். "மாப்பிள்ளை வீடு பாக்கப் போன அன்னிக்கு அங்கன சாப்பாட்டுல கை நனைச்சேனே! நெனைச்சாலே குமட்டுது" என்றவர், வண்டிக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, வெரசா வீட்டுக்கு விடு. பந்தக்காலைப் பிடுங்கணும்."