ஜன்னலோரம் அரையடி

அடுப்பு மேடைக்கு மேலே ஒட்ட வெள்ளை டைல்ஸ் போதும் என்றார் கணவர். "எண்ணெய் தெறிச்சா வெள்ளை காட்டிக் கொடுத்துடும்" என்று அவள் இளம்பச்சையை எடுத்தாள். தையல்காரி அவள், அளவில் தவறியதே இல்லை. எட்டடிச் சுவர், அரையடி டைல்ஸ், நான்கு வரிசை, மொத்தம் அறுபத்து நான்கு.

மேஸ்திரி ஒட்டி முடித்தபோது ஜன்னலோரம் அரையடி காலியாக நின்றது.

"அளவு தப்பும்மா."

"என் அளவா?" டேப்பை அவளே பிடித்தாள். எட்டரை அடி.

இன்னும் நான்கு வாங்கி ஒட்டினார்கள். மறுநாள் காலையிலும் ஜன்னலோரம் அரையடி காலி. ஒட்டியதில் ஒரு விரிசல்கூட இல்லை. வெளிப்பக்கம் அளந்தால் அதே எட்டடி.

மேஸ்திரி கரணையைக் கழுவிப் பையில் போட்டார். "வேற ஆளைப் பாத்துக்கோங்கம்மா."

அவள் அசரவில்லை. "மேடை பத்தலைன்னு எத்தனை வருஷம் புலம்பியிருப்பேன்!" என்று சிரித்தபடி இளம்பச்சையில் இரண்டு பெட்டி வாங்கிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பருகே நின்று காபியை நீட்டினாள். ஜன்னலோரம் நின்ற கணவர் கையை நீட்டினார், எட்டவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தார், பிறகு இன்னொன்று.

"இதோ வந்துட்டேன்" என்று நடந்துகொண்டே இருந்தார். காபியில் ஏடு கட்டத் தொடங்கியது.