ஐந்து ஹார்ட்

"கையில பலமான சீட்டு இல்லேன்னாதான் ஏலத்துல உயரமாக் கேக்கணும். ஏழு ஹார்ட் இருக்கு, வேற உருப்படியா ஒண்ணும் இல்லேன்னா, எடுத்த எடுப்புல மூணு ஹார்ட்னு கேட்டுடு. எதிராளிக்குப் பேச இடமே இருக்கக் கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வாயே திறக்கக் கூடாது. மிச்சத்தை ஜோடி பார்த்துக்கும். அதான் கட்டுப்பாடு."

"கல்யாணத்துக்கும் இதே சட்டமா?" என்று சிரித்தாள் அவள்.

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு. இருபத்தெட்டு வருஷம் கழித்து, கிளப்பின் பிரிட்ஜ் இறுதிப் போட்டியில், கடைசி ஆட்டத்தில், கணக்கு வாத்தியாருக்கு அது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வந்தது. எதிரே ஜோடியாக உட்கார்ந்திருந்த மனைவி வாயைத் திறந்துவிட்டாள்.

முதலில் மூன்று ஹார்ட் கேட்டாள். அது சரி. எதிர் ஜோடியில் இருந்த பல் டாக்டர் நான்கு ஸ்பேட் என்றார். அதை உடைக்கத் தன் கையில் போதுமான சீட்டு இருப்பதாகக் கணக்குப் போட்டு, வாத்தியார் நிம்மதியாகப் பாஸ் சொன்னார். டாக்டரின் ஜோடியான கிளப் செயலாளரும் பாஸ். அவளும் பாஸ் சொல்லியிருந்தால் கோப்பை வாத்தியார் ஜோடிக்குத்தான்.

"அஞ்சு ஹார்ட்," என்றாள்.

தோற்றால் அபராதம் இரட்டிப்பாகும்படி, டாக்டர் சிரித்துக்கொண்டே டபுள் சொன்னார்.

ஏலம் அவள் பேரில் விழுந்துவிட்டது. இனி வாத்தியார் தன் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். இரண்டு பேர் கைக்கும் அவளே ஆடுவாள். அவர் ஆத்திரத்தோடு விரித்தார். அவள் குனிந்து, ஒரு வரிசையின் கடைசிச் சீட்டை எடுத்துப் பக்கத்து வரிசையில் வைத்தாள்.

துவைத்த துணியைக்கூட நிறம் பார்த்து அடுக்குகிறவள். கோப்பை கைநழுவுகிற நேரத்திலும் என்ன அடுக்கல் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேட்டதைவிட நான்கு பிடி குறைந்தது. கோப்பை டாக்டர் பக்கம் போனது.

மூன்று மாதமாகவே இந்தக் கூத்துதான். அதுவரை கட்டுப்பாடு என்றால் கிளப்பில் அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். இப்போது 'ஏலக்காரம்மா' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

"சார், வீட்டிலயும் மேடத்துக்குத்தான் கடைசி வார்த்தையா?" என்றார் டாக்டர். நான்கு மேஜையும் சிரித்தது.

வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "கட்டுப்பாடு தெரியாத ஆளை ஜோடியா வெச்சுக்கிட்டா இதுதான் கதி."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சீட்டுகளை ஒன்றுசேர்த்துப் பெட்டியில் வைத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மாலை வெயில் இன்னும் இருந்தது. இரண்டு பேரும் ஓர் ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள். ஒரு பஸ் வந்தது. அவர் முன்னால் நகர்ந்தார். "இது நம்மது இல்லீங்க," என்றாள். கிளப்பை விட்டு வந்தபின் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஒரு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துவந்ததை அவர் அப்போது சொல்லிவிட்டார். அடுத்த போட்டிக்குத் தான் பல் டாக்டரோடு ஜோடி சேரப்போவதாகவும், அவள் தப்பாக நினைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அவள் கோபப்படவில்லை.

"தாராளமா ஆடுங்க. ஆனா அவர் கட்டுப்பாடான மனுஷன். ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடுவார். அப்புறம் சீட்டை நீங்கதான் ஆடணும்."

"ஆடாம? அதுக்குத்தானே போறது?"

"மூணு மாசம் முன்னாடி, கையில டைமண்ட் வெச்சுக்கிட்டே, இல்லேன்னு வேற சீட்டைப் போட்டீங்க. செயலாளர் அபராதம் போட்டார். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்க மூஞ்சி போன போக்கை நான் பார்த்தேன்."

"அது ஏதோ கவனக்குறைவு."

"இன்னிக்கும் டைமண்ட் எட்டை ஹார்ட் வரிசையில வெச்சிருந்தீங்க. நாலு ஸ்பேட்டை டாக்டருக்கே விட்டிருந்தா முதல் சீட்டு நீங்கதான் போடணும். ஏலம் என் பேர்ல விழுந்தா, நீங்க விரிச்சு வெச்சுட்டு உக்காந்துக்கலாம். தப்பா இருந்தா நான் மாத்தி வெச்சுப்பேன். யாருக்கும் தெரியாது."



"அங்க விளக்கு சரியில்ல," என்றார் வாத்தியார்.

"மத்தவங்களுக்கும் அதே விளக்குதாங்க."

நான்கு மேஜை சிரித்தபோது சுட்ட காது, இப்போது யாரும் சிரிக்காமலேயே சுட்டது. ஏலக்காரம்மா. கட்டுப்பாடு தெரியாத ஆள். மூன்று மாதமாக அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு அவள் வாயே திறக்கவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்று முனகினார்.

"நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தேன்."

தூரத்தில் இன்னொரு பஸ் திரும்பியது. அதன் நெற்றியில் இருந்த எண் அவருக்கு வெறும் மஞ்சள் தீற்றலாகத் தெரிந்தது. அவள் இடைவெளியைக் கடந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பல் டாக்டரோட ஆடுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, என்கூடக் கண் டாக்டர்கிட்ட வாங்க."