பார்வையில் காணும் கடிதம்

"எல்லாப் பிள்ளைங்களும் பிரைம் மினிஸ்டர். நம்ம பொண்ணு மட்டும் கிளார்க்," என்றார் திருமூர்த்தி மனைவி கண்மணியிடம், பக்கத்து நாற்காலிக்குக் கேட்காத குரலில்.

கேட்டுவிட்டது. சிவராமகிருஷ்ணன் கண்மணியின் பக்கம் சாய்ந்தார்.

"என்ன மேடம், ஊர்ல தாசில்தாரா இருந்தவங்க நீங்க. பொண்ணுக்கு ஒரு அதிகாரம் வேணாமா?"

கண்மணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கணவர் முந்திக்கொண்டார்.

"உங்க சபரிக்கு அந்தக் கோட் ரொம்ப நல்லா இருக்குங்க."

அமெரிக்காவில், டெக்சாஸின் காப்பெல் பள்ளி அரங்கம், சனிக்கிழமை மதியம். மேடை நடுவில் லண்டன் என்று எழுதிய பெரிய மேசை. அதில் சிவராமகிருஷ்ணனின் மகன் சபரி. எதிரே நான்கு மேசைகள்: கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஓரத்தில் ஒரு பதிவேடு, ஒரு ஸ்டேப்ளர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். அங்கே வெண்பா.

ஹிஸ்டரி டீச்சர் மிஸ் பார்க்கர் ஆட்டத்தை விளக்கினார். நூறு வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். எங்கோ ஒரு போர் மூளப்போகிறது. படை அனுப்பச் சொல்லி லண்டன் தன் டொமினியன்கள், அதாவது தன்னாட்சி பெற்ற நாடுகள், நான்குக்கும் கடிதம் எழுதும். மூன்று சம்மதித்தால் லண்டனுக்கு வெற்றி. யாரும் வாய் திறந்து பேசக்கூடாது. டொமினியன்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளவும் கூடாது. எந்தக் காகிதமும் கிளார்க் வழியாகத்தான் போகவேண்டும். முடிவில் ஒரே ஒருவருக்கு ஆஸ்டினில் நடக்கும் மாநிலப் போட்டியில் இடம்.

அந்த இடத்துக்காக வெண்பா இரண்டு வருஷமாக முயல்கிறாள். போன வருஷம் மேடையேறி, மைக்கைப் பிடித்து, ஒரு வார்த்தையும் வராமல் இறங்கினாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி.

"வாயே திறக்காத வேலையாப் பாத்துக் குடுத்திருக்காங்க," என்றார் திருமூர்த்தி. "டீச்சருக்கும் தெரிஞ்சிருக்கு."

கண்மணியின் பார்வை மகளின் கைமேல் இருந்தது. வெண்பா ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, அதன்பிறகே அனுப்பினாள்.

போகும் கடிதங்களெல்லாம் பெற்றோர் மட்டும் பார்க்கும் ஒரு திரையில் தெரிந்தன. கனடாவிடமிருந்து நான்காம் எண் கடிதம் லண்டனுக்கு வந்தது: 'எங்கள் பாராளுமன்றத்தைக் கேட்காமல் ஒரு சிப்பாயையும் அனுப்ப முடியாது.'

சபரி தலையைச் சொறிந்தான். பிறகு மற்ற மூன்று நாடுகளுக்கும் எழுதினான்: 'கனடாவின் கடிதம் எண் 4 கிடைத்தது. கனடா தயார். நீங்கள்?'

"பொய் சொல்றானே," என்றார் திருமூர்த்தி.

"அதுக்குப் பேர் டிப்ளமசி, சார்," என்று சிரித்தார் சிவராமகிருஷ்ணன்.

வெண்பா அந்த மூன்று கடிதங்களையும் நிதானமாகப் படித்தாள். ஒரு எழுத்தையும் தொடவில்லை. எழுந்துபோய் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்தாள்.

"என்ன பண்றா? எடுத்துட்டுப் போய்க் குடுக்க வேண்டியதுதானே?" என்றார் திருமூர்த்தி.

"பார்வை இணைக்கிறா," என்றாள் கண்மணி.

"என்னது?"

"ஒரு கடிதம் இன்னொரு கடிதத்தைக் காட்டினா, காட்டினதோட நகலையும் சேர்த்து அனுப்பணும்."

ஆஸ்திரேலியா முதல் பக்கத்தைப் படித்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பியது. அங்கே கனடாவின் மறுப்பு அப்படியே இருந்தது. தலையைத் தூக்கி லண்டனைப் பார்த்தது. நியூசிலாந்தும் பார்த்தது. தென்னாப்பிரிக்கா சிரித்தேவிட்டது.

பத்து நிமிஷத்தில் மூன்று பதில்கள். மூன்றும் 'முடியாது.'

சபரி எழுந்துவிட்டான். "அவ அப்படிச் செய்யக்கூடாது. அவ வெறும் கிளார்க்."

மிஸ் பார்க்கர் மைக்கை வெண்பாவிடம் நீட்டினார். கண்மணி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

வெண்பா மைக்கைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். மெல்லிய குரல்தான். ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"உன் கடிதத்துல நான் எதையும் மாத்தலை, சபரி. நீ எண் நாலைக் குறிப்பிட்டிருந்தே. அதனால நாலாம் கடிதத்தைச் சேர்த்தேன். விதி பதினொண்ணு."

மிஸ் பார்க்கர் விதித்தாளைப் புரட்டினார். பதினொன்றாம் விதி இருந்தது. அதுவரை போய்ப் படித்தவள் வெண்பா மட்டும்தான் போலிருக்கிறது.

ஆஸ்டினுக்குப் போகும் பெயரை அறிவித்ததும் அரங்கம் கைதட்டியது. திருமூர்த்தி எழுந்து நின்று தட்டினார். "என் பொண்ணு," என்று முன்வரிசைக்காரரிடம் சொன்னார்.

"ஒரு விஷயம்," என்றார் மிஸ் பார்க்கர். "வெண்பாவுக்கு நான் முதல்ல குடுத்தது லண்டன் பிரதமர் பொறுப்பு. அவதான் அதைத் திருப்பிக் குடுத்துட்டுக் கிளார்க் வேலையைக் கேட்டு வாங்கினா. காரணம் எழுதச் சொன்னேன். படிக்கிறேன்: 'என் அம்மா கரூர் தாலுகா ஆபீஸ்ல ஆறு வருஷம் கிளார்க்கா இருந்தாங்க. அவங்க ஃபைல் எழுதி வைக்காம எந்தத் தாசில்தாரும் கையெழுத்துப் போட்டதில்லை.'"

கைதட்டல் மறுபடி எழுந்தது. திருமூர்த்தி மட்டும் மெல்ல உட்கார்ந்து, தன் ஷூவைப் பார்க்க ஆரம்பித்தார்.

சிவராமகிருஷ்ணன் திரும்பினார். "கிளார்க்கா? அப்போ தாசில்தார்னு..."

கண்மணி எழுந்து நின்றாள். முதுகு நேராக இருந்தது.

"நான் வாங்கினது இளநிலை உதவியாளர் வேலைங்க," என்றாள். "தாசில்தார்ங்கிறது, இங்க வந்தப்புறம் இவர் குடுத்த ப்ரமோஷன்."