ஆளுக்கொரு காது

“அது அப்படி வராது,” என்றாள் பூங்கொடி, அடுப்படியிலிருந்து.

மனைவி சொன்னது திருவேங்கடத்துக்குச் சுருக்கென்றது. கல்பாக்கம் டவுன்ஷிப் ஆண்டு விழாவில் அந்தப் பழைய ராக் பாட்டுக்கு அடித்தொனியில் ஒலிக்கும் பேஸ் கிடார் வாசிக்க ஒப்புக்கொண்டு, ஒரு மாதமாக விரல் தேயப் பழகுகிறான். தான் வாசிப்பது கேட்கட்டும் என்று இடது காதைத் திறந்துவிட்டு, வலது காதில் மட்டும் இயர்போன். பேஸ் மட்டும் பிடிபடவே இல்லை.

“இந்தப் பாட்டப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?”

“பன்னெண்டு வருசமா வேலைக்குப் போற பஸ்ல ஒரு இயர்போன எங்கிட்ட குடுத்துட்டு, ‘எப்படி கீது’ன்னு கேப்பியே, அதானே? நானும் ‘நல்லா கீது’ம்பேன். தும்... தும்தும்... தூம்...”

பேஸ் முழுவதையும் வாயாலேயே வாசித்துக் காட்டினாள். ஒரு இடம்கூடப் பிசகவில்லை.

திருவேங்கடம், அவளுக்கென்று எப்போதும் கொடுக்கும் இடது இயர்போனைத் தன் காதில் வைத்தான். அந்தக் காலத்து ஸ்டீரியோ பதிவு, ஒவ்வொன்றும் ஒரு காதில் மட்டும்தான் கேட்கும். பேஸ் முழுவதும் அந்தப் பக்கமே இருந்தது.

“இந்தா, என்னுத நீ கேளு.” வலது இயர்போனை நீட்டினான்.

வைத்துக்கொண்டவளின் கண்கள் விரிந்தன.

“ஐயே! இதுல ஆளு வேற பாடறாங்களா?”